பேர்ச் பிடிக்கப் போகிறவர்களுக்குப் பெய்ட்காஸ்டிங் ரீலைத் தலையில் கட்டுகிறார்கள், கவனம்

பெப்ரவரி விடுமுறையான ஃபமிலி டே வருகிறது. அந்த வார இறுதியில் கனடாவில் வசிப்பவர்கள் ஒன்ராறியோவில் லைசென்ஸ் இல்லாமலே மீன் பிடிக்கலாம் என்பதால் நம் ஆட்கள் பலர் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு உறைந்திருக்கும் சிம்கோ ஏரிக்குப் பனியில் துளை போட்டு மீன் பிடிக்கப் போவார்கள், போகிற வழியில் ஏதாவது ஒரு கடையில் நின்று தூண்டில் தடியும் நூல் சுற்றுகிற ரீலும் வாங்குவார்கள். அவர்களுக்காகத்தான் அவசரமாக இதை எழுதுகிறேன். கோடையில் பாஸ் மீனுக்குப் பாவிக்கிற, ஸ்பூல் (நூல் சுற்றியிருக்கும் உருளை) தானே சுற்றி நூலை விடுகிற பெய்ட்காஸ்டிங் ரீலை, ‘ஐஸ் காம்போ’ என்று ஸ்டிக்கர் ஒட்டி, பேர்ச் என்ற சின்ன மீன் பிடிக்க என்று கேட்டு வருகிறவர்களுக்கு விற்கிறார்கள். எனக்கு விற்றார்கள். வரியோடு 200 டொலருக்கு மேல் போனது. கடையின் பெயரை நான் போடப்போவதில்லை. எந்தக் கடையில் நின்றாலும் பொருளைப் பார்த்தே பிடித்துவிட முடியும், அதைத்தான் சொல்லித்தர விரும்புகிறேன்.

நான் கடையில் கேட்டதில் எந்தக் குழப்பமும் இல்லை. சிம்கோ ஏரியின் குக்ஸ் பே பக்கம் போகிறோம், 15 முதல் 30 அடித் தண்ணீர், மஞ்சள் பேர்ச், ஊரிலிருந்து புதிதாக வந்திருக்கிற மச்சானுக்கும் சேர்த்து வேண்டும், அவர் பனியில் மீன் பிடித்துப் பழகாதவர், சுலபமானதாகத் தாருங்கள் என்று எல்லாம் சொன்னேன். கவுண்டரில் நின்றது ஒரு தமிழ்ப் பிள்ளை. “அண்ணை, ஸ்பின்னிங் எல்லாம் இப்ப ஒருத்தரும் எடுக்கிறேல்லை. அதிலை தங்கூசி முறுகும். இதெண்டால் கட்டைவிரலாலை ஒரு அமத்து, நேரே கீழை போகும்” என்றார். பெட்டியில் போட்டிருந்த 7.1:1 என்பதைக் காட்டி, இவ்வளவு வேகமாக வேறு எந்த ரீலும் இழுக்காது என்றார். எத்தனை பெயரிங் இருக்கிறது என்று எண்ணிக் காட்டினார். எங்கள் முன்னாலேயே 30 இறாத்தல் தாங்குகிற பிரெய்ட் (பின்னிய) நூலைச் சுற்றியும் தந்தார், அதற்கும் தனியாகக் காசு.

அவர் சொன்னதில் ஒரு பங்கு உண்மை இருக்கிறது, அதனால்தான் கேட்கிறவருக்குச் சந்தேகம் வராது. ஸ்பின்னிங் ரீலில் நூல் முறுகும். அதன் ஸ்பூல் சுற்றுவதில்லை, பெய்ல் கம்பிதான் அதைச் சுற்றி ஓடி நூலைச் சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் நூலில் முறுக்கு ஏற இடமுண்டு, மீன் பலமாக இழுத்து, நூலை விட்டுக்கொடுக்கிற ட்ராக் என்ற பிரேக் வழுக்கும்போதும் கைபிடியைச் சுற்றிக்கொண்டே இருந்தால் இன்னும் வேகமாக ஏறும். கோடையில் தூர வீசி இழுக்கும்போது இது பெரிதாகத் தெரியாது. பனியில் தூண்டில் நேர் கீழே தொங்குகிறது, ஒரு கிராம் எடையுள்ள சின்ன ஜிக் (பாரம் சேர்த்த கொக்கி) அந்த முறுக்கைத் தாங்காமல் தன்பாட்டில் சுழலத் தொடங்கும், சுழலுகிற இரையைப் பேர்ச் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும். தண்ணீருக்கடியில் மீனைக் காட்டும் ஃப்ளாஷர் கருவி வைத்திருப்பவர்கள் இதைத் திரையிலேயே பார்த்திருப்பார்கள். ஆனால் இந்தக் குறைக்கென்றே இன்லைன் ரீல் என்று ஒரு சாதனம் பல வருடமாகக் கடைகளில் இருக்கிறது, அதே கடையின் சுவரிலும் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் ஸ்பூலே சுற்றும், நூல் நேராக இறங்கி நேராக ஏறும், முறுக்கு விழாது. அதைப் பற்றி அந்தத் தம்பி ஒரு வார்த்தை சொல்லவில்லை. விலை பெய்ட்காஸ்டிங் செட்டின் பாதிகூட இல்லை.

ஏரியில் நடந்தது இதுதான். மைனஸ் 18. ஓகரால் (பனி துளைக்கும் கருவி) துளை போட்டு, ஜிக்கில் இரையைக் குத்தி, சொல்லித்தந்த மாதிரியே கட்டைவிரலால் அமத்தினோம். இறங்கவில்லை. ஜிக் துளையின் வாயிலேயே மிதப்பதுபோல நின்றது. ஸ்பூலின் பக்கத்திலுள்ள இறுக்கத்தைத் தளர்த்தி, பிரேக்கைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தும் அப்படித்தான். காரணம் சாதாரணமானது. பெய்ட்காஸ்டிங் ரீலில் நூல் போக வேண்டுமென்றால் ஸ்பூல் முழுதாகச் சுற்ற வேண்டும், அதைச் சுற்றவைக்க நூலின் நுனியில் பாரம் வேண்டும். கோடையில் 10, 15 கிராம் இரையை வீசும்போது அது தாராளமாகச் சுற்றும். பேர்ச்சுக்குக் கட்டுகிற டங்ஸ்டன் ஜிக் ஒரு கிராமும் இரண்டு கிராமும்தான் இருக்கும், குளிரில் எண்ணெய் இறுகிப்போன ஒரு ஸ்பூலை அந்தப் பாரத்தால் அசைக்க முடியாது. ஸ்பின்னிங் ரீலில் பெய்லைத் திறந்தால் ஸ்பூல் அசையவே தேவையில்லை, நூல் வளையம் வளையமாக உதிர்ந்து போய்விடும். அந்த ஒரு வித்தியாசத்துக்காகவே சின்ன ஜிக்குக்கு ஸ்பின்னிங் ரீல்தான் என்று இங்கே பழம் தின்று கொட்டை போட்டவர்கள் சொல்வார்கள்.

மச்சான் கையுறையைக் கழற்றி விரலால் நூலை அடி அடியாக இழுத்து இறக்கினார். ஈர நூல், வெறும் விரல், அந்தக் குளிர். விரல் நுனி வெளிறிப்போன பிறகுதான் எனக்குக் காட்டினார், உடனே ஹீட்டர் இருந்த குடிலுக்குள் கூட்டிப் போனேன். எனக்கு ஆத்திரம் வந்தது அந்த இடத்தில்தான். காசு போனால் போகட்டும், பனிக்குப் புதிதாக வந்த ஒருவரின் கையில் பனிக்கு ஆகாத பொருளைத் தெரிந்துகொண்டே கொடுத்திருக்கிறார்கள்.

அதோடு முடியவில்லை. இந்த ரீலில் நூலை இடமும் வலமுமாகக் கொண்டுபோய் ஒழுங்காகச் சுற்றவைக்கிற ஒரு சின்ன வளையம் முன்னால் இருக்கும், அது ஒரு திருகுத் தண்டில் ஓடுகிறது. பிரெய்ட் நூல் தண்ணீரைக் குடித்துக்கொண்டு மேலே வருகிறது, அந்தத் தண்ணீர் வளையத்திலும் தண்டிலும் உறைகிறது, கொஞ்ச நேரத்தில் வளையம் நகராமல் நிற்கிறது, அதற்குப் பிறகு நூல் ஒரே இடத்தில் குவிகிறது. தடியின் வளையங்களும் பிரெய்ட்டால் அடைத்துக்கொண்டன. பனிக்கட்டியைத் தட்டி எடுத்துவிட்டுப் பாரமான ஒரு ஸ்பூனை (கரண்டி வடிவ உலோக இரை) கட்டிப் பார்த்தோம், அது சரியாகவே இறங்கியது, ஆனால் அடியைத் தொட்டதும் ஸ்பூல் நிற்காமல் ஓடி நூல் சிக்கிக் கூடு கட்டிவிட்டது. ஓடுகிற ஸ்பூலைக் கட்டைவிரலால் மெல்லத் தொட்டுக்கொண்டே இருந்து நிறுத்த வேண்டும், தடித்த கையுறையோடு அந்த உணர்வு வராது. 7.1:1 வேகத்துக்கு 20 அடியில் என்ன வேலை? கைபிடி ஒரு சுற்றுக்கு ஸ்பூல் 7.1 தரம் சுற்றும் என்பதுதான் அதன் பொருள். தூர எறிந்த இரையை விரைவாகத் திரும்ப எடுக்க அது வேண்டும். கண்ணுக்கு நேர் கீழே இருக்கிற பேர்ச்சை அவ்வளவு வேகத்தில் இழுத்தால் அதன் மெல்லிய வாய் கிழிந்து துளையடியிலேயே கழன்று போகும்.

வீட்டுக்கு வந்து ரீலைத் தடியிலிருந்து கழற்றிப் பார்த்தபோது எல்லாம் வெளிச்சமானது. ரீலின் கால் மூடியிருந்த இடத்தில் தடியில் அச்சிட்டிருந்தது ‘ஸ்பின்னிங்’ என்று. அதாவது ஸ்பின்னிங் தடி ஒன்றைக் கவிழ்த்துப் பிடித்து, வளையங்களை மேலே திருப்பி, அதில் பெய்ட்காஸ்டிங் ரீலைப் பூட்டியிருக்கிறார்கள். பெய்ட்காஸ்டிங் தடியின் அடியில் விரலைக் கொளுவிப் பிடிக்க ஒரு கொக்கி இருக்கும், இதில் இல்லை. பெட்டியில் ஒட்டியிருந்த ‘ஐஸ் காம்போ’ ஸ்டிக்கர் கடைக்காரர் ஒட்டியது. அதைச் சுரண்டினால் கீழே கம்பனியே போட்ட நூல் அளவு, 10 முதல் 14 இறாத்தல் வரை. பேர்ச்சுக்கு நாம் போடுவது 2 முதல் 4 இறாத்தல் நூல். அவ்வளவு மெல்லிய நூலை இந்த ரீலில் போட்டால் ஸ்பூலுக்கும் சட்டத்துக்கும் இடையிலுள்ள இடுக்கில் புகுந்து மாட்டிக்கொள்ளும், அதனால்தான் அந்தத் தம்பி கேளாமலே 30 இறாத்தல் பிரெய்ட்டைச் சுற்றினார். கோடையில் விற்காமல் மிஞ்சிய ரீலும் தனியாக மிஞ்சிய தடியும் சேர்ந்து ஒரு புது விலையோடு என்னிடம் வந்திருக்கிறது.

திருப்பிக் கொடுக்கப் போனேன். தண்ணீர் பட்ட பொருளை எடுக்க மாட்டோம் என்றார் உரிமையாளர். ஒன்ராறியோவில் கடைக்காரர் காசைத் திருப்பித் தர வேண்டும் என்று சட்டமே இல்லை என்றும் சொன்னார். இதைக் கேட்டுப் பலர் திரும்பிப் போயிருப்பார்கள். நமக்கு மனம் மாறித் திருப்பிக் கொடுத்தால் அவர் சொல்வது சரி, அப்போது அது கடையின் விருப்பம். ஒரு பொருளில் இல்லாத தன்மையை இருப்பதாகச் சொல்லி விற்றால் கதை வேறு. ஒன்ராறியோவின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அதை நியாயமற்ற வியாபார நடைமுறை என்கிறது, ஒரு வருடத்துக்குள் எழுத்தில் அறிவித்து வாங்கியதை ரத்துச் செய்ய இடம் தருகிறது. நான் வாய்ப்பேச்சை அதோடு விட்டுவிட்டு மின்னஞ்சல் எழுதினேன். ரசீதில் ‘ஐஸ் காம்போ’ என்று அவர்களே அடித்திருந்த வரி, ஸ்டிக்கரின் படம், அதற்குக் கீழே இருந்த நூல் அளவின் படம், தடியில் இருந்த எழுத்தின் படம், இவ்வளவையும் அனுப்பினேன். கிரெடிட் கார்ட் கம்பனியிலும் முறையிடுவேன் என்று எழுதினேன். கொஞ்சம் இழுத்தடித்துவிட்டு ரீலுக்கும் தடிக்கும் காசு வந்தது. பிரெய்ட்டுக்கும் ஜிக்குகளுக்கும் இன்றுவரை வரவில்லை. மன்னிப்பும் வரவில்லை.

பெய்ட்காஸ்டிங் ரீலைக் குறை சொல்ல நான் வரவில்லை, அதற்கும் பனியில் இடம் உண்டு. அதே ஏரியில் பரி (Barrie) நகரப் பக்கம் கெம்பென்ஃபெல்ட் பே 130 அடிக்கு மேல் ஆழம் போகிறது. அங்கே லேக் ட்ரவுட் என்ற பெரிய மீனுக்கு 60, 80, 100 அடியில் கனமான ஜிக்கோ ஸ்பூனோ இறக்குகிறவர்களுக்கு அது நல்ல சாதனம். பாரம் ஸ்பூலைத் தானாகச் சுற்றவைக்கும், பெரிய மீனை ஆழத்திலிருந்து தூக்க அதன் பலம் உதவும், எவ்வளவு ஆழம் இறங்கியது என்று காட்டும் எண்ணி பூட்டிய ரீல்களும் உண்டு. அதைப் பாவிப்பவர்கள் பெரும்பாலும் குடிலுக்குள் ஹீட்டரோடு இருப்பார்கள், நூலும் வளையமும் உறைய நேரம் கிடைக்காது. அந்த மீனுக்குப் போகிறவருக்கு அதை விற்றால் நானே நல்ல கடை என்று சொல்வேன்.

சரி, கடையில் என்ன செய்யலாம்? வாங்கப்போகிற ஜிக்கையே கையில் எடுத்து, ரீலில் நூல் இருந்தால் அதன் நுனியில் கட்டித் தரச் சொல்லுங்கள். கையை நெஞ்சளவு உயர்த்தி நூலை விடுங்கள். கடைக்குள், 20 பாகைச் சூட்டிலேயே ஜிக் தரைக்குப் போகத் தயங்கினால் ஏரியில் அது போகாது. இப்படிப் பார்க்க விடமாட்டேன் என்று கடைக்காரர் சொன்னால் வேறு கடைக்குப் போகலாம். ரீலைக் கழற்றித் தடியின் எழுத்தைப் பாருங்கள், ஸ்டிக்கர் மூடியிருக்கிற இடத்தில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். பெயரிங் எத்தனை என்பது இந்த வேலைக்கு ஒரு பொருட்டே இல்லை. பேர்ச்சுக்கும், புதிதாகப் பழகுபவருக்கும், பிள்ளைகளுக்கும் 500 அல்லது 1000 அளவு ஸ்பின்னிங் ரீலும் இரண்டு இரண்டரை அடித் தடியும் தாராளம். கைபிடியை இடமும் வலமும் மாற்றலாம், அதனால் இடக்கைப் பிள்ளைக்கும் அதே ரீல் சரிவரும், பெய்ட்காஸ்டிங்கில் அப்படி மாற்ற முடியாது. முறுக்கு உங்களுக்குத் தொல்லை தந்தால் அடுத்த ரீலாக இன்லைன் எடுங்கள். வெளியில் இருந்து பிடிப்பதென்றால் பிரெய்ட் வேண்டாம், மெல்லிய தங்கூசியே போதும்.

ஸ்பின்னிங் ரீலிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோடை ரீல்களில் போட்டிருக்கிற கிறீஸ் மைனஸ் 15க்குக் கீழே பசைபோல இறுகும், கைபிடி பின்னால் சுற்றாமல் தடுக்கிற உருளைகள் அதனால் ஒட்டிக்கொண்டு மீன் இழுக்கும்போது கைபிடி பின்னோக்கி ஓடிவிடும். வாங்கும்போதே குளிருக்கான மெல்லிய எண்ணெய் போட்டதா என்று கேளுங்கள். பதில் நம்பும்படி இல்லையென்றால் ரீலை இரவில் வீட்டு ஃப்ரீசரில் வைத்துவிட்டுக் காலையில் எடுத்தவுடன் சுற்றிப் பாருங்கள். பெட்டியையும் ஸ்டிக்கரையும் ரசீதையும் பனிக்காலம் முடியும் வரை எறியாதீர்கள். இதே மாதிரி ‘ஐஸ் காம்போ’ வாங்கி ஏமாந்தவர்கள் இருந்தால் கீழே எழுதுங்கள், என் மின்னஞ்சலில் இருந்த வரிகளை அப்படியே தருகிறேன், உங்கள் படங்களைச் சேர்த்து அனுப்பலாம்.