பழைய ஜீப்புக்கு எந்த கிராஸ்: நிப்பிள் உள்ளதா, சீல் செய்ததா?

பழைய மஹிந்திரா ஜீப்பின் புரொப்பல்லர் ஷாஃப்டில் (கியர்பாக்ஸ் பக்கமிருந்து சக்கர அச்சுக்கு விசையைக் கொண்டுபோகும் தண்டு) கிராஸ், அதாவது அதன் மூட்டில் இருக்கும் கூட்டல் குறி வடிவத் துண்டு, மாற்றப் போனால் கடைக்காரர் இரண்டு வகையை எடுத்து வைப்பார்: கிரீஸ் அடிக்கும் சிறு முனை (நிப்பிள்) உள்ளது ஒன்று, உள்ளேயே கிரீஸ் வைத்து சீல் செய்தது ஒன்று.

சீல் செய்ததில் கிரீஸ் அடிக்கும் வேலையே இல்லை. உள்ளே துளை போடாததால் உடம்பும் கெட்டி. தார்ச் சாலையிலேயே ஓடும் வண்டிக்கு அது போதும். ஆனால் சீல் தேய்ந்து தண்ணீர் புகுந்துவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது, தூக்கிப் போட வேண்டியதுதான்.

ஓடை, சேறு என்று இறங்குகிற வண்டிக்கு நிப்பிள் உள்ளதையே வாங்குவேன். கிரீஸ் கன்னை நிப்பிளில் மாட்டி மெதுவாக அழுத்தினால் புது லித்தியம் கிரீஸ் பழையதையும் தண்ணீரையும் வெளியே தள்ளும். கிராஸின் நான்கு முனைகளையும் மூடியிருக்கும் நான்கு கப்பிலும் கிரீஸ் கசிய வேண்டும். ஒன்றில் வராவிட்டால் ஷாஃப்டை அசைத்துவிட்டு மறுபடி அழுத்துங்கள். அப்போதும் வராமல், கப் ஓரத்தில் செந்நிறத் துரு தெரிந்தால் கப்புக்குள் இருக்கும் ஊசி பேரிங் காய்ந்துவிட்டது, கிராஸையே மாற்றுங்கள்.

தண்ணீரில் இறங்கி வந்த அன்றே கிரீஸ் அடிப்பது நல்லது. படுத்துக்கொண்டு நிப்பிளைத் தேடுவது எரிச்சல்தான். முன் ஷாஃப்டில் இன்னும் மோசம். அந்தச் சோம்பல் உள்ளவர்கள் சீல் செய்ததையே போடலாம். நிப்பிள் இருந்தும் கிரீஸ் காணாத கிராஸ்தான் முதலில் போகும்.