சளியில் காசநோயைத் தேடும் மூன்று வழிகள்: நுண்ணோக்கி, மூலக்கூறுப் பரிசோதனை, வளர்ப்பு

இரண்டு வாரங்களைக் கடந்தும் நிற்காத இருமல், மாலையில் ஏறும் காய்ச்சல், இரவு வியர்வை, காரணம் தெரியாத எடைக்குறைவு ஆகியவற்றுடன் வரும் ஒருவருக்கு நுரையீரல் காசநோய் இருக்கிறதா என்று உறுதிசெய்ய, சளியை மூன்று விதமாகச் சோதிக்கலாம். நுண்ணோக்கியில் நேரடியாகப் பார்ப்பது முதல் வழி. கிருமியின் மரபணுவைப் பெருக்கிக் கண்டறியும் மூலக்கூறுப் பரிசோதனை இரண்டாவது. ஆய்வகத்தில் கிருமியை வளர்த்துப் பார்ப்பது மூன்றாவது. இவற்றில் எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்பதைவிட, இன்ன நோயாளியிடம் எதை அறிய விரும்புகிறோம் என்று கேட்டால் விடை தெளிவாகக் கிடைக்கும். புதிதாகச் சந்தேகிக்கப்படும் நோயாளிக்கு முதல் பரிசோதனையாக மூலக்கூறு முறையே இருக்க வேண்டும் என்பதும், மற்ற இரண்டையும் அது முழுமையாக விலக்கிவிடாது என்பதும் என் கருத்து.

நுண்ணோக்கிப் பரிசோதனை மூன்றிலும் பழையது. ராபர்ட் காக் 1882ஆம் ஆண்டில் காசநோய்க் கிருமியைச் சாயமேற்றிக் காட்டிய முறை, அடுத்த சில ஆண்டுகளில் சீல்–நீல்சன் சாயமாகச் செம்மைபெற்று இன்றுவரை வழக்கில் உள்ளது. ஒளிரும் சாயமும் எல்இடி நுண்ணோக்கியும் வந்த பிறகு தகடுகளைப் பார்க்கும் வேலை விரைவாகியது. செலவு மிகக் குறைவு. அன்றைக்கே முடிவு தெரியும். ஆனால் ஒரு மில்லிலிட்டர் சளியில் ஏறத்தாழ 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருந்தால்தான் அவை கண்ணில் படும். நுரையீரலில் குழிகள் விழாத தொடக்கநிலை நோயாளிகளிடமும், எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்களிடமும் கிருமிகளின் எண்ணிக்கை பெரும்பாலும் அதற்குக் கீழேயே இருப்பதால், "சளியில் ஒன்றும் இல்லை" என்ற அறிக்கை அவர்கள் விஷயத்தில் எதையும் முடிவுசெய்வதில்லை. அந்தத் தாளை நம்பி இருமல் மருந்தோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் சில மாதங்களில் நோய் முற்றித் திரும்பி வருவது மார்புநோய் மருத்துவர்களுக்குப் பழகிப்போன காட்சி. காசநோய் அல்லாத அதே இனக் கிருமிகளும் இதே சாயத்தை ஏற்கும் என்பதும், மருந்துக்கு எதிர்ப்புத்திறன் உண்டா என்பதை இம்முறை காட்டாது என்பதும் இதன் மற்றக் குறைகள்.

மூலக்கூறுப் பரிசோதனை இந்த இடத்தில்தான் நிலைமையை மாற்றியது. இந்தியாவில் சிபிநாட் என்று அழைக்கப்படும் ஜீன்எக்ஸ்பர்ட் முறையை உலக சுகாதார நிறுவனம் 2010 டிசம்பரில் ஏற்றது. கார்ட்ரிட்ஜ் என்ற சிறு பெட்டியில் சளியை ஊற்றி இயந்திரத்தில் வைத்தால், கிருமி இருக்கிறதா என்பதும், முதன்மை மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் அதன்மீது வேலைசெய்யுமா என்பதும் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் தெரிந்துவிடும். நுண்ணோக்கியில் கிருமி தென்படாமல் வளர்ப்பில் மட்டும் உறுதியாகும் நோயாளிகளில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினரை முதல் தலைமுறை ஜீன்எக்ஸ்பர்ட் கண்டுபிடித்தது. 2017இல் ஏற்கப்பட்ட அல்ட்ரா கார்ட்ரிட்ஜ் இன்னும் நுட்பமானது.

மூலக்கூறு முறைக்குள்ளேயே ஒரு போட்டி இருக்கிறது. ஜீன்எக்ஸ்பர்ட் இயந்திரத்துக்குத் தடையில்லா மின்சாரமும் 30 டிகிரி செல்சியஸுக்கு மேற்படாத அறைவெப்பமும் தேவை என்பதால், குளிர்சாதன வசதியில்லாத ஆரம்ப சுகாதார நிலையத்தில் அது நிம்மதியாக ஓடாது. கோவாவைச் சேர்ந்த மோல்பயோ நிறுவனம் உருவாக்கி, 2020இல் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையைப் பெற்ற ட்ரூநாட், மின்கலத்தில் இயங்கும். 40 டிகிரி வரை தாங்கும். பங்குனி, சித்திரை வெயிலை அறிந்தவர்களுக்கு இந்தப் பத்து டிகிரியின் மதிப்பு விளங்கும். மாறாக, ட்ரூநாட்டில் கையால் செய்ய வேண்டிய படிகள் கூடுதல்; மரபணுவைப் பிரிப்பது ஒரு கருவியிலும் பெருக்குவது மற்றொன்றிலும் நடக்கிறது; கிருமி உறுதியான பிறகே ரிஃபாம்பிசினுக்கான சில்லை (சிப்) தனியாக ஓட்ட வேண்டும். நோயாளிகள் திரளும் மாவட்ட மருத்துவமனைக்குச் சிபிநாட்டும், மாதிரியை வெளியூருக்கு அனுப்பிக் காத்திருக்கும் சிற்றூருக்கு ட்ரூநாட்டும் பொருந்தும் என்பேன்.

நுட்பமான கருவி வந்துவிட்டதாலேயே நோயாளியின் உடல்நிலை தேறிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். தென்னாப்பிரிக்கா, ஜிம்பாப்வே, சாம்பியா, தான்சானியா ஆகிய நாடுகளின் ஆரம்பநிலை மருத்துவ மையங்களில் ஜீன்எக்ஸ்பர்ட்டையும் நுண்ணோக்கியையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு 2014இல் வெளியான ஆய்வில், புதிய முறையில் அன்றைக்கே சிகிச்சை தொடங்கியவர்கள் அதிகமாக இருந்தும், நோயின் பாதிப்பு இரு பிரிவினரிடமும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் இருந்தது. நுண்ணோக்கிப் பிரிவிலும் மருத்துவர்கள் அறிகுறிகளையும் எக்ஸ்ரேயையும் வைத்தே பலருக்கு மருந்தைத் தொடங்கிவிட்டது இதற்கு முக்கியக் காரணம். ஆயினும் ஊகத்தில் தொடங்கும் சிகிச்சைக்கும் உறுதிசெய்து தொடங்கும் சிகிச்சைக்கும் இடையே ஒரு வேறுபாடு எஞ்சுகிறது: ஊகம் மருந்து எதிர்ப்பைப் பற்றி எதுவும் சொல்லாது.

மூலக்கூறு முறையின் பெரிய குறை, உயிருள்ள கிருமியையும் செத்த கிருமியையும் அதனால் பிரித்தறிய முடியாதது. முன்பு காசநோய்க்கு முழுமையாக மருந்து சாப்பிட்டுக் குணமான ஒருவரின் சளியில் செத்த கிருமியின் மரபணு நெடுநாள் தங்கியிருக்கலாம். அல்ட்ராவில் "ட்ரேஸ்" என்று மிகச் சிறிய அளவில் வரும் முடிவை, இத்தகையவரிடம் நோய் திரும்பியதற்கான சான்றாக உடனே எடுத்துக்கொள்வது அவசரம். மேலும், வழக்கமான கார்ட்ரிட்ஜ் ரிஃபாம்பிசினைப் பற்றி மட்டுமே சொல்கிறது. மற்றொரு முதன்மை மருந்தான ஐசோநியாசிட்டுக்கு மட்டும் எதிர்ப்புள்ள கிருமி அதன் கண்ணில் சாதாரணக் கிருமியாகவே தெரியும். அதை அறிய லைன் புரோப் போன்ற வேறொரு மூலக்கூறுப் பரிசோதனையோ வளர்ப்போ வேண்டும்.

வளர்ப்பின் நிலை வேறு. ஒரு மில்லிலிட்டரில் 10 முதல் 100 கிருமிகள் இருந்தாலே அது காட்டிவிடும். வளர்ந்தது எதுவோ அது உயிருள்ளது. அதன்மேல் பல மருந்துகளையும் சோதித்துப் பார்க்கலாம். மற்றப் பரிசோதனைகளின் துல்லியத்தை இதை வைத்தே அளக்கிறார்கள். ஆனால் திரவ ஊடகத்தில் 42 நாள் வரையும், திட ஊடகத்தில் எட்டு வாரம் வரையும் காத்திருந்த பிறகே "இல்லை" என்று சொல்ல முடியும். காற்றில் கிருமி பரவாத பாதுகாப்புள்ள ஆய்வகமும் வேண்டும். இருமிக்கொண்டிருக்கும் நோயாளியை அதுவரை காத்திருக்கச் சொல்வது அவருக்கும் அவர் வீட்டாருக்கும் தீங்கு என்பதால், இதை முதல் பரிசோதனையாக வைக்க இடமில்லை. ஏற்கெனவே சிகிச்சை பெற்றவர்கள், மூலக்கூறு முடிவு ஐயத்துக்குரியவர்கள், மருந்து எதிர்ப்புக் காசநோய் உள்ளவர்கள் ஆகியோருக்கு இதைத் தவிர்க்கவும் முடியாது.

சிகிச்சை சரியான திசையில் போகிறதா என்று பார்ப்பதில் பழைய நுண்ணோக்கி மீண்டும் முன்வரிசைக்கு வருகிறது. சிகிச்சையின் தொடக்கமான இரண்டு மாதத் தீவிரக் கட்டம் முடியும்போது சளியில் கிருமி குறைந்து மறைந்ததா என்று அதுவே மலிவாகக் காட்டும். செத்த மரபணுவையும் எண்ணும் சிபிநாட்டை அங்கே மறுபடி ஓட்டுவதில் பொருளில்லை.

இரத்தத்தில் எதிர்ப்பொருள்களைத் தேடிக் காசநோயைச் சொல்லும் கருவிகளை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவே இல்லை. தவறான முடிவுகள் மிகுதியாக வந்ததால் 2012இல் இந்திய அரசு அவற்றைத் தடைசெய்துவிட்டது. மூன்று முறைகளையும் ஒருசேரக் கெடுக்கும் வேறு இரண்டு வழக்கங்கள் மட்டும் இன்னும் ஒழியவில்லை. சளி எடுக்கும் முன்பே லீவோஃப்ளாக்சசின் போன்ற, காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கும் நுண்ணுயிர்க்கொல்லியைக் கொடுப்பது ஒன்று. ஆழ்ந்து இருமி வந்த சளிக்குப் பதிலாக எச்சிலைக் குப்பியில் வாங்கி அனுப்புவது மற்றொன்று. சளியே வராதவர்களுக்கு அடர்த்தி மிகுந்த உப்புநீரை நெபுலைசரில் கொடுத்து வரவழைக்கலாம். அதிலும் கிடைக்காவிட்டால் மூச்சுக்குழாய்க்குள் குழாய்க் கருவியைச் செலுத்தும் பிராங்காஸ்கோபி செய்து நுரையீரலைக் கழுவி எடுத்த நீரைச் சோதனைக்கு அனுப்பலாம்.