"டி.ஏ. கிடைத்துவிடும்" என்ற மெயிலை நம்பி ஏமாந்த கதை

அமெரிக்காவில் எம்.எஸ். சேரப்போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். நான் ஏமாந்தது ஏதோ ஏஜென்ட்டிடம் இல்லை, நல்ல பெயருள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் துறை அலுவலகத்திடம். எந்த இடம் என்று சொல்லப்போவதில்லை.

எனக்கு இரண்டு இடங்களில் அட்மிஷன் கிடைத்திருந்தது. அவ்வளவாகப் பெயர் இல்லாத இடத்திலிருந்து வாரம் 20 மணி நேர டீச்சிங் அசிஸ்டென்ட் வேலை (டி.ஏ., அதாவது வகுப்பெடுக்கவும் திருத்தவும் உதவும் மாணவருக்குச் சம்பளம்), ஓராண்டுக்கு, முழு டியூஷன் வேவர் (படிப்புக் கட்டணத் தள்ளுபடி) என்று கடிதமே வந்துவிட்டது. பெரிய இடத்திலிருந்து வந்தது வெறும் மெயில்: "எங்கள் மாணவர்களில் பெரும்பாலானவர்களுக்கு டி.ஏ. கிடைத்துவிடுகிறது, கவலை வேண்டாம்." ஏப்ரல் 8 அன்று இன்னொரு மெயில், இரண்டு நாளில் முடிவு சொல் என்று. பதறிப்போய்ச் சரி என்றேன். அன்றைக்கே மற்ற இடத்துக்கு வேண்டாம் என்று எழுதியும் விட்டேன்.

அப்புறம்தான் ஏப்ரல் 15 தீர்மானம் பற்றித் தெரிந்தது. முதுநிலைப் படிப்பு நடத்தும் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பான கவுன்சில் ஆஃப் கிராஜுவேட் ஸ்கூல்ஸினுடையது. அதில் கையெழுத்திட்ட பல்கலைக்கழகங்கள் நிதி உதவி தருவதாகச் சொன்னால், அந்தத் தேதிக்கு முன் பதில் கேட்டு நெருக்கக் கூடாது. வேடிக்கை என்னவென்றால், என்னை நெருக்கியவர்கள் அதை மீறவே இல்லை. அவர்கள்தான் உதவி எதையும் எழுதித் தரவில்லையே! கையிலிருந்த கடிதத்தை 15 வரை வைத்துக்கொண்டு இவர்களிடமும் எழுத்தில் கேட்டிருக்கலாம்.

மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவம் வந்தபோதாவது விழித்திருக்க வேண்டும். படிப்புச் செலவுக்கு யார் பணம் என்று அதில் பிரித்துப் போட்டிருக்கும். பல்கலைக்கழகம் தரும் தொகை ஒன்றும் இல்லை, எல்லாமே அப்பாவின் வங்கிக் கணக்குப் பேரில். சும்மா சம்பிரதாயம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஆகஸ்டில் போய் இறங்கியதும் ஆங்கிலப் பேச்சுத் தேர்வு வைத்தார்கள். தேறினேன். கிடைத்தது வாரம் 10 மணி நேர வேலை, அதுவும் ஒரே செமஸ்டருக்கு. வேவரும் பாதிதான். அந்தப் பாதியும் டியூஷனுக்கு மட்டும். கட்டாய ஃபீஸ், உடல்நலக் காப்பீடு எல்லாம் என் தலையில். முதல் சம்பளம் கைக்கு வரவே அக்டோபர் ஆகிவிட்டது.

10 மணி நேரம் என்பது காகிதத்தில். இரண்டு லேப் வகுப்பு எடுத்து, 50 பேரின் ரிப்போர்ட்டைத் திருத்தி முடிக்க எந்த வாரமும் 16 மணிக்குக் குறைந்ததில்லை. வேறு வேலை பார்த்துச் சமாளிக்கலாம் என்றால், எஃப்-1 மாணவர் விசாவில் செமஸ்டர் நடக்கும்போது வளாகத்துக்குள் வாரம் 20 மணிக்கு மேல் கூடாது, டி.ஏ. நேரமும் அதே கணக்கில்தான் சேரும். மீதி 10 மணி நேரமும் வளாக உணவுக்கூடத்தில் தட்டுக் கழுவினேன். சொன்ன நேரத்துக்குச் சொன்ன சம்பளம் கொடுத்தது அந்த உணவுக்கூடம் மட்டும்தான்.

டிசம்பரில் ஒரு மெயில்: மாணவர் எண்ணிக்கை குறைந்துவிட்டது, வேலையைப் புதுப்பிக்க முடியாது. பழைய மெயிலை எடுத்துக்கொண்டு போனேன். "பெரும்பாலானவர்களுக்கு என்றுதானே எழுதியிருக்கிறோம்" என்றார் கோஆர்டினேட்டர். அதற்கு என்னிடம் நல்ல பதில் இருந்தது, ஆனால் ஆங்கிலத்தில் வரவில்லை.

ஆபர் லெட்டரில் வாரம் எத்தனை மணி, எத்தனை செமஸ்டர், வேவர் எவ்வளவு, ஃபீஸும் காப்பீடும் யார் பொறுப்பு, எதை வைத்துப் புதுப்பிப்பார்கள் என்பதெல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று நான் தயங்கினேன், நீங்கள் தயங்காதீர்கள். அங்கே ஏற்கெனவே படிக்கும் யாரையாவது பிடித்து, போன ஆண்டு சேர்ந்த எம்.எஸ். மாணவர்களில் எத்தனை பேருக்கு முதல் செமஸ்டரிலேயே டி.ஏ. கிடைத்தது என்றும் விசாரியுங்கள். பிஎச்.டி. மாணவர்களுக்குக் கொடுத்தது போக மிஞ்சுவதுதான் பெரும்பாலும் எம்.எஸ். பக்கம் வரும். நான் இதை விசாரித்தது அங்கே போய்ச் சேர்ந்த பிறகு. சீனியர் ஒருவர் விரல் விட்டு எண்ணினார், ஒரு கையே போதுமானதாக இருந்தது.