சுண்டெலி ஆய்வகத்துக்கு வாங்கிய கார்பன் டை ஆக்சைடு பெட்டி: எட்டு மாத அனுபவம்

எங்கள் ஆய்வகத்தில் நுரையீரல் அழற்சியைப் பார்க்கிறோம். எல்பிஎஸ் (பாக்டீரியாவின் வெளிச்சுவரில் உள்ள, அழற்சியைத் தூண்டும் பொருள்) கொடுத்த சுண்டெலியின் நுரையீரலைக் கழுவி எடுத்து, அந்த நீரில் எத்தனை செல், அழற்சியைக் காட்டும் புரதங்களான ஐஎல்-6 எவ்வளவு, டிஎன்எஃப் எவ்வளவு என்று அளக்கிற வேலை. எண் தாறுமாறாக வந்தால் எல்லாரும் முதலில் அந்தப் புரதங்களை அளக்கும் எலிசா கிட்டைத்தான் சந்தேகப்படுவோம். எலியின் கடைசிச் சில நிமிடங்கள் எப்படிப் போயின என்பதும் அந்த எண்ணுக்குள் இருக்கிறது.

அதற்காகத்தான், கார்பன் டை ஆக்சைடு வாயு விட்டு எலியைக் கருணைக்கொலை செய்யும் இந்தப் பெட்டி. 10 லிட்டர், உள்ளே தெரியும் பாலிகார்பனேட், சிலிண்டரில் மாட்ட ரெகுலேட்டரும், வாயு போகும் வேகத்தைக் காட்டும் ஃப்ளோமீட்டரும் கூடவே வருகின்றன. முன்பெல்லாம் வால்வைக் கையால் திருகி ஆளுக்கு ஒரு வேகத்தில் வாயு விடுவோம். அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் 2020 வழிகாட்டுதல், நிமிடத்துக்குப் பெட்டியின் கொள்ளளவில் 30 முதல் 70 சதவீதம் என்கிறது. இந்தப் பெட்டிக்கு 3 முதல் 7 லிட்டர். வாயுவை முன்கூட்டியே நிரப்பி வைத்து எலியை உள்ளே விடக் கூடாது, ஏனென்றால் அது மூக்கின் ஈரத்தில் கரைந்து அமிலமாகி வலியைத் தரும். இந்த வேகத்தை யார் செய்தாலும் ஒரே மாதிரி வைக்க முடிகிறது என்பதற்கே கொடுத்த காசு தகும்.

ஆனால் ஒரு பெரிய குறை. ஃப்ளோமீட்டரின் கோடுகள் காற்றுக்குப் போட்டவை. கார்பன் டை ஆக்சைடு காற்றைவிட அடர்த்தி கூடியது, அதனால் மீட்டர் 5 காட்டினால் உண்மையில் போவது சுமார் 4 லிட்டர்தான். கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நாங்கள் முதல் மாதம் 3.5-இல் வைத்திருந்தோம், அதாவது 2.8-தான் போயிருக்கிறது, குறைந்தபட்ச அளவுக்கும் கீழே. அந்த எலிகளை நினைத்தால் இன்னும் மனசு உறுத்துகிறது. இன்னொன்று, எலியை அதன் கூண்டோடு உள்ளே வைக்க இடமில்லை. பிடித்துத் தூக்கிப் புதுப் பெட்டியில் விட்டால் மிரளும், மிரண்டால் கார்டிகோஸ்டிரோன் என்ற மன அழுத்த ஹார்மோன் ஏறும், அது அழற்சி அளவையே அழுத்தும்.

அப்புறம், பெட்டி எவ்வளவு நன்றாக இருந்தாலும் முறை தன் தடத்தை விட்டுத்தான் போகும். வாயுவுக்குப் பதில் கழுத்து முள்ளெலும்பை விலக்கிக் கொன்றால் மார்புக்குள் ரத்தம் கசியலாம், கழுவுநீர் சிவந்து வரும். கார்பன் டை ஆக்சைடும் நுரையீரலில் ரத்தக்கசிவை உண்டாக்கும். கெட்டமின் என்ற மயக்க மருந்து போட்டுச் செய்கிறவர்கள் அதுவே டிஎன்எஃப்-ஐயும் ஐஎல்-6-ஐயும் குறைக்கக்கூடிய மருந்து என்பதை மறக்க வேண்டாம். எதைச் செய்தாலும் எல்பிஎஸ் கொடுக்காத கட்டுப்பாட்டுக் குழுவுக்கும் அதே முறை, அதே வேகம், அதே நேரம், இரண்டு குழுவையும் மாற்றி மாற்றி எடுக்க வேண்டும். கட்டுரையில் முறையைத் தெளிவாக எழுதவும் வேண்டும்.

5-க்கு 3.5 கொடுப்பேன். மண்ணீரல், கல்லீரல் பார்ப்பவர்கள் வாங்கலாம், கார்பன் டை ஆக்சைடுக்கென்றே கோடு போட்ட மீட்டரைக் கேட்டு வாங்குங்கள். நுரையீரல் கழுவுநீருக்கு மட்டும் நான் மிகை அளவு பென்டோபார்பிட்டல் என்ற மயக்க மருந்துக்கு மாறிவிட்டேன், நீர் கண்ணுக்கே தெளிவாக வருகிறது. நடந்துகொண்டிருந்த ஆய்வின் நடுவில் மாற்றவில்லை; அதைக் கடைசி எலி வரை இந்தப் பெட்டியிலேயே முடித்தோம்.