பழ ஈயின் பார்வை: ஒயிட், நார்ப்-ஏ, செவன்லெஸ் – எந்த ஸ்டாக் நல்லது?

ராயபுரம், வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடிப் பக்கம் விலங்கியல் மாணவர்களுக்கு டிரோசோபிலா (பழ ஈ) என்றால் முதலில் நினைவுக்கு வருவது ஒயிட் ஸ்டாக்தான்; ஸ்டாக் என்றால் ஆய்வகத்தில் தலைமுறை தலைமுறையாக வளர்க்கும் ஈ வகை. 1910இல் மரபியலாளர் மார்கன் எழுதிய அதே வெள்ளைக்கண் ஈ. பால்சார் மரபை (ஒரு பண்பு மகனுக்கும் மகளுக்கும் வேறு வேறாக இறங்குவதை) காட்ட அதை மிஞ்ச ஆளில்லை. வெள்ளைக்கண் பெண்ணைச் சிவப்புக்கண் ஆணோடு விட்டால், மகன்கள் அத்தனையும் வெள்ளைக்கண், மகள்கள் அத்தனையும் சிவப்புக்கண். ஆனால் பார்வைச் சோதனைக்கு அது உதவாது. நிறமிக்கான மூலப்பொருளைச் செல்லுக்குள் கடத்தும் புரதம்தான் அதில் பழுது. ஈயின் கூட்டுக்கண்ணில் உள்ள சிறுகண்களுக்கு நடுவே மறைப்பு இல்லாமல் வெளிச்சம் கசிந்து காட்சி மங்குமே தவிர, ஒளியுணர் செல்கள் வேலை செய்யும். அதைக் குருட்டு ஈ என்று ரெக்கார்டு நோட்டில் எழுதுவது தவறு.

நிஜமான குருடு நார்ப்-ஏ. கண்ணின் ஒளியுணர் புரதமான ரோடாப்சின் ஒளியைப் பிடித்தபின் சேதியை நகர்த்தும் பாஸ்போலிபேஸ்-சி நொதி அதில் இல்லை. ஆனால் கண் நல்ல சிவப்பு. சாதாரண ஈ ஒன்று பாட்டிலுக்குள் புகுந்துவிட்டால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

எங்கள் ஓட்டு செவன்லெஸுக்கு. ஒரு கண்ணில் சுமார் 750 சிறுகண்கள், ஒவ்வொன்றிலும் எட்டு ஒளியுணர் செல்கள். செவன்லெஸில் புறஊதாவை உணரும் ஏழாவது செல் மட்டும் உருவாகாது. ஒரு பக்கம் புறஊதா, மறுபக்கம் பச்சை வைத்தால் சாதாரண ஈ புறஊதாவுக்குப் போகும். செவன்லெஸ் பச்சைக்குப் போகும். ஒரு ஜீன் போனால் ஒரு செல் போகிறது, ஒரு நடத்தையே மாறுகிறது: இவ்வளவு தெளிவாக வேறெதிலும் காட்ட முடியாது. ஸ்டாக் கேட்கும்போது சிவப்புக்கண் பின்னணியா என்று உறுதிசெய்யுங்கள். ஒயிட்டும் சேர்ந்திருந்தால் முடிவு குழம்பும்.

மூன்று முதல் ஐந்து நாள் வயதுள்ள ஈக்கள் முப்பதை எடுத்து, அரை மணி நேரம் இருட்டில் வையுங்கள். மயக்க ஈதர் கொடுத்திருந்தால் ஒரு நாள் விட்டே சோதியுங்கள். வாய்க்கு வாய் ஒட்டிய இரண்டு கண்ணாடிக் குழாய்கள் போதும், மட்டமாக இருக்கவேண்டும்; சாய்ந்தால் ஈ மேட்டுப் பக்கம் ஏறிவிடும். ரிச்சி தெருவில் புறஊதா எல்இடி கேட்டால் பெரும்பாலும் 395 நானோமீட்டரைத் தருவார்கள். 365 கேட்டு வாங்குங்கள். 395இல் ஊதா ஒளியும் கலந்திருப்பதால் மற்ற செல்களும் தூண்டப்படும். கூடவே நார்ப்-ஏவையும் ஓட்டிப் பாருங்கள். அதுவும் ஒரு பக்கமே குவிந்தால், ஈக்களை இழுப்பது வெளிச்சமல்ல. விளக்கின் சூடோ குழாயின் சாய்வோதான்.

தீனியில் வெறும் ரவை போடாமல் மஞ்சள் மக்காச்சோள மாவு சேருங்கள். அதிலுள்ள மஞ்சள் நிறப்பொருளான கரோட்டினாய்டு குறைந்தால் ரோடாப்சினும் குறையும். மே மாதம் சனி, ஞாயிறு ஏசியை அணைத்துவிட்டுப் போகாதீர்கள். 30 டிகிரி தாண்டினால் ஆண் ஈக்கள் மலடாகி ஸ்டாக்கே அழிந்துவிடும்.