ஜாவாவில் ஆப்ஜெக்ட் அரே: ஃபார் லூப்பா, ஃபில்லா, செட்ஆலா?

ஒரு பேருந்தின் 40 சீட்களை ஜாவா நிரலில் ஓர் அரேயில், அதாவது அளவு மாறாத வரிசையில், வைக்க வேண்டும். சீட் என்று ஒரு கிளாஸ் (ஆப்ஜெக்ட்களை வார்க்கும் அச்சு). அதில் சீட் எண்ணும், புக் ஆகிவிட்டதா என்ற ஃபீல்டும் இருக்கின்றன. பலரும் முதலில் எழுதுவது இது:

சீட்[] சீட்கள் = நியூ சீட்[40];

இந்த வரி ஒரு சீட்டைக்கூட உருவாக்காது. 40 ரெஃபரன்ஸ்களுக்கு (ஆப்ஜெக்ட்டைக் காட்டும் சுட்டிகளுக்கு) இடம் கிடைக்கும், அத்தனையிலும் நல் (null, எதையும் காட்டாத வெற்று மதிப்பு) இருக்கும், அவ்வளவுதான். சி++ மொழியில் இதே அளவுக்கு ஓர் அரே அறிவித்தால் ஆப்ஜெக்ட்டை உருவாக்கும் டிஃபால்ட் கன்ஸ்ட்ரக்டர் 40 முறை ஓடிவிடும். அந்தப் பழக்கத்தோடு ஜாவாவுக்கு வருகிறவர்களுக்கு, நல்லை ஆப்ஜெக்ட் போலப் பயன்படுத்தினால் வருகிற நல்பாயின்டர்எக்ஸெப்ஷன் என்ற பிழைதான் முதல் வரவேற்பு. ஜாவாவில் நிரப்புகிற வேலை நம்முடையது. எப்படி நிரப்புவது என்பதில்தான் வழிகள் பிரிகின்றன.

நாலைந்து ஆப்ஜெக்ட்தான் என்றால் யோசிக்கவே வேண்டாம். அடைப்புக்குறிக்குள் வரிசையாக நியூ போட்டு எழுதிவிடலாம்.

எண்ணிக்கை கூடினால் ஃபார் லூப். இண்டெக்ஸ் (0இல் தொடங்கும் இட எண்) வைத்து ஓடுகிற பழைய லூப் என்றால் எந்தச் சிக்கலும் இல்லை, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு புது சீட் பிறக்கும். ஆனால் இண்டெக்ஸ் இல்லாமல் ஒவ்வொன்றாக எடுத்துத் தருகிற ஃபார்-ஈச் வடிவத்தில் "எஸ் = நியூ சீட்" என்று எழுதினால் அரேயில் எதுவும் மாறாது. மாறுவது எஸ் என்கிற உள்ளூர் மாறி மட்டும்தான். லூப் முடிந்த பிறகும் 40 இடத்திலும் நல்லே இருக்கும்.

அடுத்தது, அரே முழுக்க ஒரே மதிப்பை நிரப்புகிற அரேஸ்.ஃபில். பார்க்க மிக அழகு, ஒரே வரி. இங்கே நான் கறாராகவே சொல்கிறேன்: மாறக்கூடிய ஆப்ஜெக்ட்டுக்கு இதைத் தொடாதீர்கள். ஃபில்லுக்குள் எழுதிய நியூ ஒரே ஒருமுறைதான் ஓடும். அதில் வந்த ஒரே சீட்டைத்தான் 40 இடங்களும் காட்டும். 7ஆம் சீட்டை புக் செய்தால் பேருந்தே நிரம்பிவிடும். கம்பைலர் எச்சரிக்காது, எக்ஸெப்ஷனும் வராது; நல் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிற டெஸ்ட்டும் பாஸ் ஆகிவிடும். நல் விட்டுவைத்த அரேயாவது உடனே வெடித்து இடத்தைக் காட்டிக்கொடுக்கும். ஃபில் செய்த அரேயோ தப்பான தகவலோடு அமைதியாக ஓடிக்கொண்டிருக்கும். ஒரே மதிப்பைப் பல முறை வைத்து லிஸ்ட் தருகிற கலெக்ஷன்ஸ்.என்காப்பீஸிலும் இதே ஆபத்துதான். ஸ்ட்ரிங், ஈனம் (enum, பெயரிட்ட நிலையான மதிப்புகள்) மாதிரி மாறாதவற்றுக்கு ஃபில் தாராளமாகப் போதும்.

2014இல் ஜாவா 8 லாம்டாவோடு (பெயரில்லாத சிறு ஃபங்ஷன்) வந்தபோது அரேஸ்.செட்ஆல் கிடைத்தது. என் ஓட்டு இதற்குத்தான். பார்க்க ஃபில் போலவே ஒரே வரி, ஆனால் மதிப்புக்குப் பதில் லாம்டாவைக் கொடுக்கிறோம். ஒவ்வோர் இண்டெக்ஸுக்கும் அந்த லாம்டா தனியாக ஓடும், அதனால் 40 தனித்தனி சீட்கள். இண்டெக்ஸும் கைக்கு வருவதால் அதோடு 1 கூட்டி சீட் எண்ணாகக் கொடுத்துவிடலாம். அளவை இரண்டாம் முறை எழுத வேண்டியதில்லை. லூப்பில் எல்லையை ஒன்று கூட்டிக் குறைத்து எழுதுகிற தவறுக்கும் இடமில்லை. ஒரே குறை, கன்ஸ்ட்ரக்டர் ஐஓஎக்ஸெப்ஷன் போன்ற செக்ட் எக்ஸெப்ஷனை (கையாளும்படி கம்பைலர் கட்டாயப்படுத்தும் பிழையை) வீசினால் லாம்டாவுக்குள் டிரை-கேட்ச் போட வேண்டும். அப்போது பழைய ஃபார் லூப்பே சுத்தம்.

எண்களை வரிசையாகத் தருகிற இன்ட்ஸ்ட்ரீம்.ரேஞ்ச் வழியாகவும் இதையே செய்யலாம். நடுவில் வடிகட்டவோ வரிசைப்படுத்தவோ வேண்டுமானால் அது சரி. வெறுமனே நிரப்புவதற்கு அது நீளம். கடைசியில் அரேயாக மாற்றுகிற டூஅரேக்குள் சீட் அரேயின் கன்ஸ்ட்ரக்டர் ரெஃபரன்ஸைக் கொடுக்க மறந்தால் ஆப்ஜெக்ட் அரேதான் வரும், கம்பைலர் நிறுத்திவிடும்.

தேவைக்கு ஏற்ப வளர்கிற அரேலிஸ்ட்டுக்கு மாறினால் நல் தொல்லை இல்லை என்பார்கள். உண்மைதான், ஆனால் கன்ஸ்ட்ரக்டருக்குக் கொடுக்கிற 40 கொள்ளளவு மட்டுமே, சைஸ் 0. ஆட் செய்யாமல் கெட்(0) கேட்டால் இண்டெக்ஸ்அவுட்ஆஃப்பவுண்ட்ஸ்எக்ஸெப்ஷன் வரும். சீட் எண்ணிக்கை மாறாத பேருந்துக்கு அரேயும் செட்ஆலுமே போதும். வழியில் ஏறி இறங்குகிற பயணிகள் பட்டியலுக்கு அரேலிஸ்ட்.