வண்ணம் தீட்டிய மினியேச்சர் விற்பனை: நான்கு ஆண்டுகளும் ஒரு சிவப்பு மேலங்கியும்

சென்ற வாரம் ஒரு பார்சல் திரும்பி வந்தது. உள்ளே, பதினெட்டு மணி நேரம் உட்கார்ந்து நான் வண்ணம் தீட்டிய சின்னஞ்சிறு குதிரைவீரன் உருவம், ஒரு கீறல்கூட இல்லாமல். கூடவே வாங்கியவர் எழுதியிருந்த ஒரு வரி: “படத்தில் பார்த்த சிவப்பு இது இல்லை.” அதே வாரத்தில்தான், இந்தப் பொழுதுபோக்கில் புதிதாக இறங்கியிருக்கும் நண்பர் ஒருவர், “நீங்கள் இணையத்தில் விற்கிறீர்களே, செலவு மீள்கிறதா?” என்று கேட்டார். இரண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

செலவைப் பற்றி உடனே சொல்லிவிடலாம். மீள்கிறது. நான்கு ஆண்டுகளாக ஒரு நோட்டில் கணக்கு எழுதி வருகிறேன். விற்பனைத் தளம் பிடித்துக்கொள்ளும் கமிஷன், அஞ்சல் செலவு, அட்டைப்பெட்டி எல்லாம் போக, வண்ணக் குப்பிகளும் பிரைமரும் வார்னிஷும் அடுத்து வாங்கும் உருவங்களும் விற்ற பணத்திலேயே வந்துவிடுகின்றன. முனை பிரிந்த தூரிகையோடு மல்லுக்கட்டிய காலம் போய், கொலின்ஸ்கி என்ற கீரியொத்த விலங்கின் முடியில் செய்த தூரிகையைத் தயங்காமல் வாங்குகிறேன். நீர்த்த வண்ணம் தூரிகையின் வயிற்றில் தேங்கி, நுனி வழியாக ஒரே சீரான கோடாக இறங்குவதைப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். தீட்டும் நேரத்துக்குக் கூலி போட்டால் கணக்கு கவிழ்ந்துவிடும். நான் போடுவதில்லை. அந்த நேரம் என்னுடையது.

எது விற்கும் என்பதில் முதல் ஆண்டு ஏமாந்தேன். நாற்பது காலாட்படை வீரர்களை ஒரே தொகுதியாகப் போட்டேன். வாங்க வந்தவர்கள் கேட்ட விலைகளெல்லாம் தீட்டாத பெட்டிகளின் விலையைவிடக் குறைவாக இருந்தன. மேசைமேல் ஆடும் போர் விளையாட்டுக்காக முழுப் படையை வாங்குகிறவர்களுக்குத் தங்கள் படைக்கென்று ஒரு நிறத்திட்டம் ஏற்கெனவே இருக்கிறது. என் நிறத்திட்டம் அவர்களுக்குச் சுமை. கடைசியில் வாங்கியவர், “ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்து வண்ணத்தை உரித்துவிட்டேன், உருவங்கள் சுத்தமாக இருக்கின்றன, நன்றி” என்று எழுதினார். அவர் மேல் தவறில்லை, பொருள் அவருடையது. ஆனாலும் அன்று நான் தூரிகையைத் தொடவில்லை. அதற்குப் பிறகு தனி உருவங்கள்தான் விற்கிறேன்: ஒரு தளபதி, ஒரு குதிரைவீரன், ஒரு பெரிய விலங்கு. அவற்றை வாங்குகிறவர்கள் தீட்டிய வேலைக்காகவே வாங்குகிறார்கள்.

பொதியும் விஷயத்தில் பெரிய குறை இல்லை. அடித்தட்டுக்குக் கீழே நியோடிமியம் காந்தம் ஒட்டி, பெட்டியின் தரையில் இரும்புத் தகடு பதித்து அனுப்புகிறேன். உருவத்தை எதுவும் உரசாது. குமிழ் உறையை நேரடியாகச் சுற்றினால் வார்னிஷில் வட்ட வட்டமாகத் தடம் விழும், அதை மட்டும் யாரும் செய்துவிட வேண்டாம். நான்கு ஆண்டுகளில் உடைந்து போனவை இரண்டே இரண்டு ஈட்டிகள்.

நிறம்தான் என் நிம்மதியைக் கெடுத்தது. எனக்கு வந்த புகார்களில் பெரும்பாலானவை நிறத்தைப் பற்றியவை, அவற்றிலும் பெரும்பாலானவை சிவப்பைப் பற்றியவை. இதை ஒரு நோய்போலத் துரத்திப் படித்திருக்கிறேன், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சிவப்பு மேலங்கி தீட்டுவது பொறுமையான வேலை. மடிப்பின் ஆழத்தில் கருஞ்சிவப்போடு சற்றே ஊதா, நடுவில் தூய சிவப்பு, மேட்டில் ஆரஞ்சு. வெள்ளை சேர்த்து வெளிச்சம் காட்டினால் இளஞ்சிவப்பாகிவிடும். ஒவ்வோர் அடுக்கையும் நீர்போல மெலிதாக்கிப் பூசி, காயவிட்டு, மறுபடியும் பூச வேண்டும். இத்தனைக்கும் பிறகு கைப்பேசியில் படம் எடுத்தால், மேலங்கி முழுவதும் ஒரே சிவப்புத் திட்டாகத் தெரிகிறது. பெரும்பாலான கேமரா உணரிகளில் பாதிப் புள்ளிகள் பச்சைக்கு, கால் பங்கு சிவப்புக்கு, கால் பங்கு நீலத்துக்கு. அடர்ந்த சிவப்புப் பரப்பு வந்தால் சிவப்புக்கான புள்ளிகள் முதலில் நிரம்பி வழிந்துவிடுகின்றன. நிரம்பிய பிறகு இந்தச் சிவப்புக்கும் அந்தச் சிவப்புக்கும் வேறுபாடு பதிவாவதில்லை. ஒளியைக் குறைத்து எடுத்தால் மடிப்புகள் திரும்பி வருகின்றன, முகம் இருண்டுவிடுகிறது.

அடுத்தது விளக்கு. என் மேசை விளக்கின் பெட்டியில் நிறக்காட்சிக் குறியெண், அதாவது அந்த ஒளியில் நிறங்கள் எவ்வளவு இயல்பாகத் தெரியும் என்பதன் அளவு, 90க்கு மேல் என்று அச்சிட்டிருந்தது. நம்பி வாங்கினேன். அந்த எண் எட்டு மாதிரி நிறங்களின் சராசரி, அந்த எட்டும் வெளிறிய நிறங்கள். அடர் சிவப்பு ஒன்பதாவது மாதிரி. ஆர்9 என்ற பெயரில் தனியாகத்தான் அளக்கிறார்கள், சராசரியில் அது சேராது. அதாவது நல்ல எண்ணை வாங்கிய விளக்கிலும் சிவப்பு சோர்ந்து தெரியலாம். இது எனக்கு மூன்றாம் ஆண்டில்தான் தெரிந்தது. அதுவரை விளக்கடியில் மங்கித் தெரிந்த சிவப்பை மேலும் மேலும் தூக்கலாக்கி வைத்திருக்கிறேன். பகல் வெளிச்சத்தில் அவை கண்ணைக் குத்தின. பெட்டியில் அந்த ஒன்பதாவது எண்ணையும் அச்சிட்டிருந்தால் எத்தனை மேலங்கிகள் தப்பித்திருக்கும் என்று இன்றும் கோபம் வருகிறது.

வார்னிஷும் ஏமாற்றும். பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் ஒளியைச் சிதறடிப்பதால் அடர்ந்த நிறம் ஒரு படி வெளுத்துப்போகும். ஒருமுறை வார்னிஷ் பூசும் முன்பே படம் எடுத்துப் போட்டுவிட்டேன். வாங்கியவர் புகார் சொன்னார். அது முழுக்க என் தவறு, பணத்தைத் திருப்பினேன்.

இந்தக் குதிரைவீரன் விஷயத்தில் எதையும் விடவில்லை. விளக்கை மாற்றியாகிவிட்டது. வார்னிஷ் காய்ந்து ஒரு நாள் ஆன பிறகுதான் படம். சாம்பல் அட்டையை வைத்து, வெளிச்சத்தின் நிறச்சாயலை ஈடுகட்டும் ஒயிட் பேலன்ஸைச் சரிசெய்தேன். சன்னல் வெளிச்சத்தில் ஒன்று, விளக்கொளியில் ஒன்று, இரண்டு படங்களையும் போட்டு, எது எந்த வெளிச்சம் என்றும் எழுதினேன். இதற்கு மேல் ஒரு மனிதர் என்ன செய்ய முடியும்? திருப்பி அனுப்பும் முன் வாங்கியவர் தன் அறையில் எடுத்த படத்தை அனுப்பியிருந்தார். மஞ்சள் விளக்கின் கீழே என் சிவப்பு செங்கல் நிறத்தில் நின்றது. அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய திரையில் பார்த்த சிவப்பு வேறு, அவருடைய அலமாரியில் நிற்கும் சிவப்பு வேறு. திரையை மஞ்சளாக்கும் இரவு நேர அமைப்பு போட்டிருந்தாரோ என்னவோ, அதைக் கேட்கும் உரிமை எனக்கு இல்லை. அவர் காசு கொடுத்தது படத்தில் இருந்த சிவப்புக்குத்தான். நியாயம் அவர் பக்கம் என்று எழுதும்போதே கை நடுங்குகிறது.

கேமராவுக்கு நான் பட்டிருக்கும் கடனையும் சொல்ல வேண்டும். 28 மில்லிமீட்டர் உருவம் கணினித் திரையில் ஒரு சாண் உயரத்துக்கு நிற்கும்போது, கைக்குள் வைத்துப் பார்த்தால் தெரியாததெல்லாம் தெரிகிறது. அச்சு இணைந்த இடத்துக் கோட்டைச் சுரண்டாமல் விட்டது, பெல்ட்டின் ஓரம் சட்டையில் வழிந்தது, இரண்டு கண்ணும் வெவ்வேறு திசையில் பார்ப்பது. ஒவ்வொரு படமும் எனக்கு ஓர் ஆசிரியராக இருந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன் என்னால் கண்ணுக்குள் கருவிழி வைக்க முடியாது. இன்று முடிகிறது. விற்பதற்காகப் படம் எடுக்காமல் இருந்திருந்தால் இந்த முன்னேற்றம் வந்திருக்காது. அறிமுகமே இல்லாத ஒருவர், தன் மேசைக்கு வந்து சேர்ந்த உருவத்தின் முகத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதி அனுப்பிய நாளும் உண்டு. அந்தக் கடிதத்தை நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

திரும்பி வந்த குதிரைவீரனை அலமாரியில் வைக்கப் போனபோதுதான் வேறொன்று கண்ணில் பட்டது. இந்த ஆண்டு நான் தீட்டியவற்றில் விற்காமல் இருப்பவை ஒன்பது. அதில் ஏழு நீலமும் சாம்பலும். படத்துக்கு ஒத்துவருகிற நிறங்கள். பழைய வரிசையில் ஊதா இருக்கிறது, குங்குமச் சிவப்பு இருக்கிறது, டர்க்காய்ஸ் இருக்கிறது. எப்போது அவற்றைக் கைவிட்டேன் என்றே தெரியவில்லை. வெளிச்சமும் நிழலும் படத்தில் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று ஓரங்களிலெல்லாம் வெளிர்க்கோடு இழுத்திருக்கிறேன். கையில் எடுத்துப் பார்த்தால் அந்தக் கோடுகள் உறுத்துகின்றன. உருவத்தைத் தீட்டுவதாக நினைத்துக்கொண்டு படத்தைத் தீட்டியிருக்கிறேன்.

நண்பருக்கு நான் சொல்வது இதுதான்: விற்காதீர்கள். என் நோட்டு லாபத்தில்தான் நிற்கிறது, மேலே எழுதியது எதையும் நான் மாற்றிக்கொள்ளவில்லை, ஆனாலும் விற்காதீர்கள். அடுத்த மாதம் கேட்டால் நானே வேறு பதில் சொல்லலாம். இன்றைக்கு என் பதில் இதுதான். உங்களுக்கு எந்த நிறம் பிடிக்கும் என்பது தூரிகை பிடிக்கும் கைக்கு நன்றாகப் பதிகிற வரையிலாவது பொறுங்கள். செலவு கையை மீறினால் பாதி வண்ணக் குப்பிகளோடு சமாளிக்கலாம், முதன்மை நிறங்களும் கறுப்பும் வெள்ளையும் இருந்தால் பெரும்பாலான நிறங்களைக் கலந்து எடுத்துவிட முடியும்.

வாங்கியவருக்குப் பணத்தைத் திருப்பிவிட்டேன். குதிரைவீரனைப் பட்டியலில் மறுபடி போடவில்லை, சன்னலை ஒட்டிய தட்டில் நிற்கிறான். காலை எட்டு மணி வாக்கில் வெயில் சாய்வாக விழும்போது மேலங்கியின் மடிப்பில் அந்த ஊதா தெரிகிறது.